நான் அவிழ்த்த நூல்

மிஸ்,

நேற்று கொட்டகலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போடுமுன் என் கையில் ஸ்பிரிட் தடவினார். உங்கள் கையில் எப்போதும் இருந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும், நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் குந்தியிருந்து கோழி பிடித்தது கண்ணுக்குள் வந்துவிட்டது. வெளியே வந்து அழுதேன். ஊசி வலி என்று நினைத்திருப்பார்கள்.

கோழிகளைக் கொல்லும் கழிச்சல் நோய்க்கு, ஐஸ் இல்லாமலும் கெடாத தடுப்பு மருந்து என்று உங்கள் ஆய்வுகூடத்தில் செய்து கொண்டுவந்தீர்கள். என்னுடைய இருபது கோழியில் பத்துக்குக் கண்ணில் மருந்துச் சொட்டு, காலில் நீல நூல். மற்றப் பத்துக்கு வெறும் தண்ணீர், சிவப்பு நூல். "நூலில மட்டும் கை வைக்காதேங்கோ அக்கா," என்றீர்கள்.

வைத்தேன். இரண்டு சேவல்களை முனியாண்டிக்கு நேர்ந்து விட்டிருந்தேன். சாமிக்கு விட்டதன் காலில் மஞ்சள் துணி தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குச் சிவப்பு. நீங்கள் போனதும் அவிழ்த்துவிட்டு, நீங்கள் வருகிற நாளில் ஞாபகத்தில் இருந்தபடி கட்டினேன்.

பிறகு கழிச்சல் வந்தது. சிவப்பு நூல் கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுந்தன. நீலம் ஒன்றும் விழவில்லை. நாலாம் நாள் நீங்கள் வந்தபோது, நான் கட்டிய நீல நூலோடு சாமிச் சேவல் செத்துக் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்த உங்கள் முகம் வெளுத்தது. "மருந்து பிடிக்கேல்லையோ?" என்று உங்களையே கேட்டீர்கள்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மாரி சிரித்தாள். "என்னா மிஸ், சாமி சேவலையே தின்னுருச்சா ஒங்க மருந்து?"

சொன்னால் இனி இந்தப் பக்கம் வரமாட்டீர்கள். சொல்லாவிட்டால் நல்ல மருந்து குப்பைக்குப் போகும். நீங்கள் பெட்டியை மூடிக்கொண்டு நடந்தீர்கள். ரோட்டு வளைவு வரை பின்னாலேயே வந்தேன்.

"மிஸ், நூல அவுத்துட்டேங்க. ரெண்டு சேவலுக்கும் மாத்திக் கட்டிட்டேன் போலருக்கு."

"போலவோ, உண்மையாவோ?"

"தெரியலைங்க."

ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "தெரியாதெண்டால் தெரியாதெண்டுதான் எழுதவேணும்," என்று சொல்லி, எங்கள் லயத்துக் குறிப்பு முழுவதையும் அங்கேயே கோடு போட்டு அடித்தீர்கள். மாதங்கள் கழித்துப் புதுக் கோழிகளோடு முதலிலிருந்து தொடங்கினீர்கள். அது முடியுமுன் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நான் வீணாக்கிய மாதங்கள் இருந்திருந்தால் முடிவைப் பார்த்திருப்பீர்களே மிஸ்.

உங்களுக்குப் பதிலாக வந்திருக்கும் ஐயா போன வாரம் கோழிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுகம்" என்று எழுதப் போனார். உங்கள் மருந்து ஜெயிக்க வேண்டும் என்று என்னைப்போல் யார் கும்பிட்டிருப்பார்கள்? ஆனாலும் ஒரு நீல நூல் கோழியைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"ஐயா, இது ரெண்டு நாளு தீனி எடுக்கலைங்க."

"இப்ப நல்லாத்தானே நிக்குது?"

"நிக்குதுங்க. எழுதுங்க ஐயா."

அவர் எழுதி முடிக்கும் வரை கோழியைக் கீழே விடவில்லை.