மாலைச் சங்கும் மஞ்சள் வில்லைக்காரியும்

ஜன. 12, திங்கள்
கடும் பனி. நேற்றுத் துவைத்த போர்வை இன்னும் ஈரம்.
என் கொள்ளுக் கொல்லைக்கு எதிரே, வனத்துறைப் பட்டியில் பிறந்து வளர்ந்த வெளிமான்களைத் திறந்துவிட்டு இரண்டு வாரம். பக்கத்து ஷூ கம்பெனியில் மாலைச் சங்கு ஊதும்போது தீவனம் வைத்தே பழக்கியிருக்கிறார்கள். இப்போதும் சங்கு கேட்டதும் ஓடி வந்து, மூடிய கதவு முன் வரிசையாக நிற்கின்றன. கான்வென்ட்டில் நாங்கள் நின்றது போல. கிட்டத்தட்ட.
காவலர் வேலு: “இன்னா பண்றது மேடம், நாய்ங்களுக்கு இந்த டைம் தெரிஞ்சுபோச்சு. வாசல்ல காத்துக்கினு கெடக்குதுங்க. ஒரு வாரத்துல மானுங்க இந்தப் பழக்கத்த விடலன்னா, புடிச்சி மறுபடியும் உள்ளதான்.”
மனம் பேஜார். வெளியே வந்தவற்றைத் திரும்ப அடைப்பதா?

ஜன. 15, வியாழன்
மூன்று வீட்டுப் பொங்கல் வந்தது. ஒன்றில்தான் முந்திரி ஒழுங்காக வறுபட்டிருந்தது.
அடுத்த வீட்டு ஷகிலா, கம்பெனியில் சூப்பர்வைசர்: “ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவு ஆன்ட்டி. சங்கு இல்லாம காது எவ்ளோ ஜாலியா கீது!”
மாலை, மாடியில், என் வீட்டுக்காரர் விட்டுப்போன பைனாகுலருடன். (லென்ஸ் துடைக்க அவருக்குத் தெரிந்ததே இல்லை.) பட்டிவாசல் காலி. மான்கள் ஏரி மேட்டைத் தாண்டி, புல்லில். எழுந்து நின்று கை தட்டினேன். நல்ல வேளை, தெருவில் யாருமில்லை.

ஜன. 17, சனி
முறுக்குக் கொம்புக் கறுப்புக் கிடா, ஏரி மேட்டில் தினமும் ஒரே இடத்தில் புழுக்கை போடுகிறது. ஒழுங்கான பிராணி.
வேலுவுக்கு ஒரே சிரிப்பு: “எடம் புடிச்சிட்டான் மேடம். பட்டா வாங்கின மாதிரி!”
இரண்டு பெட்டைகள் அணைக்கட்டு ரோடு வரை போயிருக்கின்றனவாம். ஆனால் காதில் பட்டியின் மஞ்சள் அடையாள வில்லை மாட்டிய சினை மானைக் காணோம். நாய்களா? இரவு ரசம் இறங்கவில்லை.

ஜன. 18, ஞாயிறு
கோயிலிலிருந்து வந்தால், கொள்ளுக் கொல்லை மிதிபட்டுக் கிடக்கிறது. கம்பு எடுத்துக்கொண்டு போனேன்.
நடுவில் மஞ்சள் வில்லைக்காரி. அவள் காலடியில் மண் நிறத்தில் ஒன்று. குட்டி! காதில் வில்லை இல்லை. வெளியில் பிறந்தது.
கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.
ஷகிலா: “ஐயோ ஆன்ட்டி, கொள்ளு எல்லாம் போச்சே!”
“கடையில் கிடைக்கும்” என்றேன்.
வேலு மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்கு சங்கு ஊதும் மேடம். இவ வாசலுக்குப் போனா, குட்டியும் பின்னாலயே போவும். அங்க நாய்ங்க.”

ஜன. 19, திங்கள்
கம்பெனி திறந்துவிட்டது. வேறு எந்த வேலையும் ஓடவில்லை. காபியில் இரண்டு முறை சர்க்கரை.
மாலை மாடியில் நானும் வேலுவும். வாசலில் நாய்கள்.
சங்கு.
அவள் தலை நிமிர்ந்தது. காதுகள் வாசல் பக்கம். ஓரடி வைத்தாள். நான் வேலுவின் சட்டைக் கையைப் பிடித்திருக்கிறேன், பிறகுதான் கவனித்தேன்.
குட்டி எழுந்து மடியை முட்டியது. அவள் அதன் காதை நக்கினாள். குனிந்தாள். என் கொள்ளைத் தின்னத் தொடங்கினாள்.
“துன்னுது மேடம்! துன்னுது!”
“தெரிகிறது. வாய் கொள்ளாமல் அடைத்துக்கொள்கிறாள். சுத்தமாக நாகரிகம் இல்லை.”
சங்கு ஓய்ந்தது. மான் ஒன்றும் வராத வாசலில் ஒரு நாய் கொட்டாவி விட்டது.