என் கோபத்தைத் திருப்பிக் கொடுங்கள்

2024 பெப்ரவரி 11

பூசை முடிந்து வெளியே வந்தால் பாலசுப்பிரமணியம் ரோட்டில் காரை நிறுத்திக்கொண்டு நலம் விசாரிக்கிறார். "என்ன அருள்தாஸ் மாஸ்டர், இன்னும் அதே பழைய பைக் தானா?" எனக்கு வரவேண்டிய பள்ளிக்கூட அதிபர் நாற்காலியில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிற மனிதர். யார் காலிலும் விழாமல் நான் வாங்கிய பைக் அது. அந்த நாற்காலியைப் பற்றி அவரால் அப்படிச் சொல்ல முடியுமா?

பெப்ரவரி 13

பைக் போய்விட்டது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து வாசலில் நிறுத்தினேன். சாவியை எடுக்கவில்லை. ஒரு கோப்பைத் தேநீர் குடிக்கிற நேரம். சத்தம் கேட்டு ஓடிவந்தால் கீழ் வளைவில் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ரப்பர் ஸ்டோருக்குக் கிட்ட வடிகானுக்குள் கிடந்ததை ஆட்கள் தூக்கி வைத்திருந்தார்கள். முன் சில்லு கோணிவிட்டது, டேங்க் நசுங்கிவிட்டது. பக்கத்தில் உதடு கிழிந்து நின்றவன் விதுர்ஷன் — என் பத்தாம் வகுப்பு, கடைசி வாங்கில் உட்காருகிறவன். பதினைந்து வயசு. அம்மா குவைத்தில். அப்பா எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அத்தை இலட்சுமியோடு தோட்டத்து லய வீட்டில் இருக்கிறான்.

என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு வார்த்தை!

பெப்ரவரி 14

விடியவே இலட்சுமி அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "மாஸ்டர் கால்ல விழுடா!" அவன் குனிந்தான்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறந்தது.

எனக்குப் பத்து வயதில் டவுன் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அனுப்ப அனுமதி கேட்டு அப்பா கந்தோரில், தோட்டத்து அலுவலக வாசலில், நிர்வாகியான பெரிய தொரையின் காலில் விழுந்தார். தொரை பேச்சை நிறுத்தவில்லை. சப்பாத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து என் கண் முன்னால் யாரும் யார் காலிலும் விழக்கூடாது.

"விழாத. செஞ்சத கோர்ட்ல நிமிந்து நின்னு சொல்லு" என்றேன். நேரே போய் பொலிசில் முறைப்பாட்டு எண்ட்ரி போட்டேன்.

வீட்டுக்காரி ஜூலியட் இரவு முழுக்க முறைத்துக்கொண்டிருந்தாள். "நாலு அறை விட்டு முடிக்கிற விசயத்துக்கு பொலிசா?"

"அடிக்கிறது சட்டமில்ல."

"ஆமா. ஊர்ல இவரு ஒருத்தருக்குத்தான் சட்டம் தெரியும்."

தெரியும்தான். எனக்கென்ன பயம்?

பெப்ரவரி 16

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

பைக்கை அடையாளம் காட்டக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி, தேநீர், 'சேர்' என்று மரியாதை. சுவரோரம் நிலத்தில் விதுர்ஷனைக் குந்த வைத்திருந்தார்கள். ஒரே விலங்கில் ஒரு கை அவனுடையது, மறு கை கசிப்புச் சாராயம் காய்ச்சிய வழக்கில் பிடிபட்ட ஒரு ஆளுடையது. அந்த ஆளுக்கு என் வயசிருக்கும்.

"எழும்பு" என்றேன். பாதி எழும்பினான். மற்ற ஆள் அசையவில்லை. சங்கிலி இழுத்தது, மறுபடி குந்திவிட்டான்.

கான்ஸ்டபிள் சிரித்தார். "நிற்கவிட்டால் ஓடிவிடுவான், சேர்" என்றார் சிங்களத்தில்.

நிமிர்ந்து நின்று பேசுகிற இடம் என்றுதானே நான் அனுப்பினேன்?

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கோர்ட். நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை வரும்வரை சிறுவர் தடுப்பு இல்லம். பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் ஆகும் என்கிறார்கள். இலட்சுமி வாசலில் மயங்கி விழுந்தாள். யார் தண்ணீர் கொடுத்தார்கள் என்று நினைவில்லை. நானில்லை.

பெப்ரவரி 19

முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கப் போனேன்.

"தென் பே, சேர்" என்கிறார் சார்ஜன்ட் சிங்களத்தில். இனி முடியாதாம். இது என் வழக்கே இல்லையாம், அரசாங்கத்தின் வழக்காம்.

யாருடைய பைக்? யாருடைய வாசல்? கோபம் யாருடையது? ஒரு கையெழுத்துப் போட்டதும் என் கோபத்தையும் எடுத்துக் கொண்டு போய்விடுவார்களா!

பைக்கும் இல்லை. அது வழக்குப் பொருள், வழக்கு முடியும்வரை தரமாட்டார்கள். பொலிஸ் முற்றத்தில் மழையில் நிற்கிறது. பக்கத்தில் நின்ற ஒரு வேனுக்குள் செடி முளைத்து ஜன்னல் வழியாக வெளியே வந்திருந்தது. என் பைக்கையும் என் மாணவனையும் ஒரே மாதிரித்தான் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

பெப்ரவரி 26

நன்னடத்தை அதிகாரி வந்தார். சுதர்சினி என்று பெயர், சின்ன வயசு, சேற்றில் வழுக்கிச் சேலை ஓரமெல்லாம் மண். இலட்சுமியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பையன்ல பெரிய பிழை இல்ல சேர். வீட்டுலதான் பொறுப்பான ஆள் இல்ல. அத்தை விடியக்காலையில ரப்பர் பால் வெட்டப் போயிடறாங்க. இப்படியே நான் எழுதினா சீர்திருத்தப் பாடசாலைக்குத்தான் அனுப்புவாங்க. மூணு வருஷம் ஆகலாம்."

"மூணு வருஷமா? ஒரு பைக் எடுத்ததுக்கா?"

"இல்ல சேர். அம்மா குவைத்ல இருக்கிறதுக்கு."

தோட்டத்தில் இதே வேலையைக் கந்தோர்ப் பெரிய கிளார்க்கின் மகனும் செய்தான், தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனார், முடிந்தது.

"படிச்ச, நிரந்தர உத்தியோகம் உள்ள ஆள் யாராவது கோர்ட்ல எழும்பி, நான் பொறுப்பேற்கிறேன்னு சொன்னா யோசிப்பாங்க" என்றார், தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி. "அதிபர்கிட்ட கேட்டேன். பாடசாலைப் பெயர் கெட்டுடுமாம். பையன் பெயரை ஏற்கனவே வெட்டிட்டாராம்."

பெப்ரவரி 27

பாலசுப்பிரமணியம் முடியாது என்றால், எனக்கு அதுவே பாதிக் காரணம்.

பெப்ரவரி 28

"உண்மையைச் சொல்லுங்க. பையன் மேல இரக்கமா, அதிபர் மேல கோபமா?" என்கிறாள் ஜூலியட்.

"ரெண்டும் ஒரே பைக்ல போகட்டும்."

"பைக் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பின் அறையில் இருந்த என் பழைய புத்தகக் கட்டுகளை வெளியே தூக்கி வைத்தாள். கட்டில் போட இடம் வேண்டுமாம். நான் இன்னும் சரி என்று சொல்லவேயில்லை!

மார்ச் 1

கோர்ட் வராந்தாவில் விதுர்ஷனை மறுபடி குந்த வைத்திருந்தார்கள். தடுப்பு இல்லத்தில் தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். காது மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

வாங்கு ஒன்று வேண்டும் என்றேன். இல்லை என்றார்கள். சட்டத்தரணிகள் பை வைக்கிற வாங்கு ஒன்று இருந்தது. பைகளை இறக்கி வைத்துவிட்டு நானே இழுத்துக்கொண்டு வந்து போட்டேன். "ஏறி உக்காரு." கான்ஸ்டபிள் கத்தினார். அவரைவிட நல்ல சிங்களத்தில் சொன்னேன்: "என் பெயர் அருள்தாஸ். எழுதிக்கொள்ளுங்கள்." எழுதவில்லை.

சின்னப் பிள்ளைகளின் வழக்கு என்பதால் நீதவானின் அறைக்குள்தான் விசாரணை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முறைப்பாட்டுக்காரரே பொறுப்பேற்கிறாரா? மன்னித்துவிட்டீர்களா?"

"இல்லை."

பேனா நின்றது. சுதர்சினி கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியென்றால் ஏன்?"

"அவன் என் முன்னால் நின்று எனக்குப் பதில் சொல்லவேண்டும். மூன்று வருஷம் எங்கோ பூட்டி வைத்துவிட்டால் நான் யாரிடம் கோபப்படுவது? கோபம் என்னுடையது, கனம் நீதவான் அவர்களே. அதைத் திருப்பிக் கொடுங்கள்."

சிரித்தாரா, இருமினாரா, தெரியவில்லை. ஒரு வருஷம் என் பொறுப்பில், சுதர்சினியின் கண்காணிப்பில். கட்டளை வந்துவிட்டது.

வெளியே வந்ததும் இலட்சுமி, "விழுடா மாஸ்டர் கால்ல" என்றாள். அவன் விழவில்லை. நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தான். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அவ்வளவு நன்றாக நின்றான்.

மார்ச் 4

கேட்டில் பாலசுப்பிரமணியம். "பெயர் வெட்டியாச்சே, மாஸ்டர்."

"பதினாறு வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி. சேர்க்க முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க."

போடவில்லை. கையெழுத்துப் போடுவதென்றால் அவருக்கு எப்போதும் பயம். விதுர்ஷன் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தான். கணக்கில் பத்துக்கு மூன்று. கிழித்துத் தொங்கவிட்டேன்.

மார்ச் 17

சாப்பிடுகிறான், படிக்கிறான், ஜூலியட்டோடு மட்டும் பேசுகிறான். எனக்கு இன்னும் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஏப்ரல் 29

பைக்கை விட்டுவிட்டார்கள். சில்லில் கொடி சுற்றியிருந்தது. அவன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தான். ஸ்டார்ட் ஆகவில்லை. டவுனில் கோணலை மட்டும் நிமிர்த்தி, லொறியில் தோட்டத்துப் பாதை திரும்புகிற முடக்குவரை கொண்டுவந்து, அங்கிருந்து மேட்டில் தள்ளினோம். ஹேண்டில் நான், பின்னால் அவன். பால் வெட்டி வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். "மாஸ்டரும் களவாணியும் ஊர்வலம் போறாங்க" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். சிரிப்பு நின்றது.

விழுந்த இடம் வந்ததும் தள்ளுவதை நிறுத்தினான். சரி, இப்போது கேட்கப்போகிறான் மன்னிப்பு என்று நானும் நின்றேன்.

"சேர், அன்னைக்கி இதுல பின் பிரேக் பிடிக்கவே இல்ல. இதுலயா தெனம் போனீங்க? செத்துருப்பீங்க."

"வாய மூடிட்டுத் தள்ளுடா."

தள்ளினான்.

நான் இன்னும் மன்னிக்கவில்லை. நாளை பிரேக் ஷூ வாங்க இரத்தினபுரிக்குப் போகவேண்டும். எது சரியான ஷூ என்று எனக்குத் தெரியாது, அவனையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும்.