நடுவில் ஒரே ஒரு ஐந்து

மார்ச் 4

காலை 10.42. போனில் செய்தி: "பகா எண்ணாக இருக்கலாம்." அனுப்பியது, பெரிய பகா எண்களைத் தேட என் மனைவி எழுதி ஓடவிட்ட நிரல். அவள் ஜனவரியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அலுவலகத்தில் சும்மா கிடக்கும் கணினிகளில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குத் துக்கம் தெரியாது. கொடுத்துவைத்த நிரல்.

ஓர் ஒன்று, ஆயிரக்கணக்கில் சுழி, நடுவில் ஓர் ஐந்து, மறுபடி அதே அளவு சுழி, ஓர் ஒன்று. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே எண். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டீ குடித்தேன்.

மார்ச் 5

அதே செய்தி மேலாளருக்கும் போயிருக்கிறது. அவரிடமே வேலை பார்த்த நானும் அவளும் அவருக்கு வைத்த பெயர் டமாரம்.

"தம்பி, இது நம்ம கம்பெனி கண்டுபிடிப்பு! நம்ம மெஷின்லதானே ஓடிச்சு?"

இதே வாய்தான் அவளிடம், "இந்த வெட்டி வேலையெல்லாம் வீட்ல வெச்சுக்கம்மா" என்றது.

"'இருக்கலாம்'னுதான் வந்திருக்கு சார். இன்னும் நிரூபிக்கணும்."

"அதை யாருப்பா நோண்டப் போறா?"

அவள் பெயர் எங்கே வரும்? 'குழு' என்பதிலேயே அடங்கிவிடுமாம். எதிலும் அடங்காதவள், இதிலா அடங்குவாள்?

மார்ச் 6

அக்கா வந்தாள். "எத்தனை நாளைக்குடா ஒத்தையா உக்காந்திருப்ப? தெரிஞ்ச இடத்துல ஒரு பொண்ணு இருக்கு..." என் மனைவியின் செருப்பு இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் அக்கா உள்ளே வந்தாள்.

மார்ச் 9

நிரூபணத்தை ஓடவிட்டேன். இந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் பின்பாதி முழுக்கச் சுழி. அது இரண்டும் ஐந்துமாகப் பிரிந்துவிடும். அந்த நூலைப் பிடித்துத்தான் பகா எண் என்று நிரூபிக்க வேண்டும். "ஒண்ணு போனாத்தாண்டா உண்மை தெரியும்" என்பாள் என் மனைவி.

போச்சு. என்னத்த தெரிஞ்சுது? மண்ணு.

மார்ச் 11

வரவேற்பறையில் ஆளுயரப் பதாகை. 'எங்கள் குழுவின் மாபெரும் பகா எண்.' நடுவில் இரண்டு ஐந்து!

"ஒத்தை அஞ்சு மொட்டையா நின்னுச்சு தம்பி. நடுவுல நம்ம சின்னம் வரணும்ல? அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. இப்பப் பாருங்க, ஜோடியா எவ்வளவு லட்சணமா இருக்கு!"

இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால், இருபுறமும் ஒன்றாய்ப் படிக்கும் எந்த எண்ணும் பதினொன்றால் வகுபடும். பதினொன்றைத் தவிர அதில் ஒன்றுகூடப் பகா எண் கிடையாது. நடுவில் ஒன்று துணையில்லாமல் நின்றே ஆக வேண்டும்.

சொல்லவில்லை. "ரொம்ப லட்சணம் சார்" என்றேன்.

மார்ச் 13

நிரூபணம் முடிந்தது. பகா எண்தான். பெரிய பகா எண்களைப் பதிகிறவர்களுக்கு அனுப்பினேன். கண்டுபிடித்தவர்: அவள். உடன் உழைத்தவர்கள்: யாருமில்லை.

மார்ச் 16

பதிந்துவிட்டார்கள். ஒரே வரி, அவள் பெயரோடு.

இன்று விழாவாம். நான் போகவில்லை. மேடையில் டமாரம் முழங்கிக்கொண்டிருக்க, வந்தவர்களில் ஒருவர் எழுந்து, "இது பதினொண்ணால வகுபடுமே சார்" என்றிருக்கிறார்.

உடனே எனக்குப் போன். "தம்பி, மானம் போகுது! சரியான நம்பரைச் சொல்லு!"

"நடுவுல அஞ்சு ஒண்ணுதான் சார். ஒத்தையா. அப்படியே பதிஞ்சாச்சு."

"யாரு பேர்ல பதிஞ்சிருக்கு?"

அவள் பெயரை முழுசாகச் சொன்னேன். ஜனவரிக்குப் பிறகு வாய்விட்டுச் சொன்னது இன்றுதான். அப்புறம் அவர் கத்தியது எதுவும் காதில் விழவில்லை.

வைத்ததும் அக்கா கூப்பிட்டாள். பெண் வீட்டார் வந்து காத்திருக்கிறார்களாம்.

போனை அணைத்துவிட்டேன்.