வெள்ளை வேகனில் கற்பூர வாசம்

யூலை 9, செவ்வாய்

கச்சான் காற்று. துறைமுகப் பக்கம் முழுக்கப் புழுதி. மதியம் கிண்ணியாவிலிருந்து வேகன் வந்தது, சில நாள் ஓடிப் பார்த்து வாங்க. வெள்ளை, சின்னது, யப்பான். கொண்டுவந்தவர் சலீம் ஹாஜியார், முன்பு அரிசிக் கடை வைத்திருந்தவர். விற்கக் காரணம்: கண்ணில் புரை, தூர ஓட்டம் ஏலாதாம். எல்லாரும் சொல்லும் காரணம்.

நல்லவை: முன் சீற் உயரம் போதும், மனைவி பவானி குனியாமல் ஏறலாம். கதவு அகலத் திறக்கிறது. வோக்கரை மடித்து டிக்கியில் வைத்தாலும் காஸ் சிலிண்டருக்கு இடம் உண்டு. ஏசி பின்னுக்கும் போகிறது. பின் சீற்றின் இடது பாதி மடங்கித் தட்டையாகிறது. ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

உறுத்தியவை: பின் சீற்றில் ஆள் இருந்த பள்ளமே இல்லை. ஆனால் மடக்கும் பிடி தேய்ந்து மினுங்குகிறது. டிக்கி விரிப்பு மட்டும் புத்தம் புதிது.

"அரிசி ஏத்தினனீங்களோ, ஹாஜியார்?"

"அரிசிக்கு லொறி இருந்திச்சி ஐயா. இது குடும்பத்துக்கு எடுத்த."

அப்படியானால் குடும்பம் எங்கே இருந்தது? கேட்கவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே சும்மா இருந்து பார்த்தேன். கற்பூர வாசம். மெல்லிசு, ஆனால் உறுதி.

முஸ்லிம் வீட்டு வாகனத்தில் கற்பூரம் ஏன்?

யூலை 11, வியாழன்

பவானியை முன்னால் இருத்தி உள்துறைமுக வீதியால் ஓட்டம். இயந்திரச் சத்தம் குறைவு. குழிகளில் மெத்தென்று இறங்குகிறது. மடத்தடி வரை சிரித்துக்கொண்டு வந்தாள். பிறகு சீற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம். போன கிளினிக்குக்கு வாடகை வானில் புறப்பட்டு, நோ தாங்காமல் ஹபரணையில் திரும்பினோம். வரும் செவ்வாயும் தவறினால் கால் இப்படியே விறைத்து நின்றுவிடலாம் என்று கண்டி டாக்குத்தர் சொல்லிவிட்டார். இருந்தபடி போக ஏலாது. பின்னால் படுத்துத்தான் போக வேண்டும். படுத்தால் பெல்ட் இல்லை. மெதுவாக ஓட வேண்டும்.

"வண்டி நல்லாத்தானே இருக்குது. ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீங்கள்?"

"கற்பூரம் மணக்குது."

"ஆரோ பூசை செய்து ஓடியிருக்கினம். நல்லதுதானே."

என் சந்தேகமும் அதுதான். இடையில் தமிழ் ஆள் ஒருவர் வைத்திருந்திருக்கிறார். அடிபட்ட வண்டியாக இருக்கும், இவ்வளவு கற்பூரம் கொளுத்தியிருக்கிறார்கள் என்றால். பதிவில் ஒரே பெயர்தான். அதையும் நம்பவில்லை. தொலைபேசியில் ஹாஜியாரைக் கேட்டேன்.

"இல்ல ஐயா, நான் மட்டும்தான் ஓட்டின."

பதில் கொஞ்சம் பிந்தி வந்தது.

யூலை 12, வெள்ளி

வாங்கியவை: பால்மா, நோ எண்ணெய், மின்குமிழ். குழாயில் தண்ணீர் நூலாக. வேகனைக் கராஜில் தூக்கிப் பார்த்தோம். ஒட்டு இல்லை, அடி இல்லை, உப்புத் தண்ணீர் பட்ட கறளும் இல்லை. சந்தேகம் கூடிவிட்டது.

யூலை 13, சனி

கிண்ணியா. சொல்லாமல் போனேன். ஆளைக் கேட்க முன் அயலைக் கேட்பது, காப்புறுதி விசாரணையில் வந்த தொழில் பழக்கம். ஹாஜியார் வீட்டு ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணிக் கடை. கடைக்காரரிடம் கதை கொடுத்தேன்.

"வெள்ள வேகனா? எங்கட வாப்பாவக் கண்டியில இருந்து அதிலதான் கொண்டு வந்த."

"சுகமில்லாமலோ?"

"மவுத்தாகி. அங்கயே குளிப்பாட்டி வெள்ளத் துணியில கபனிட்டு, அஸர் தொழுகைக்கு முந்தி இஞ்ச அடக்கிட்டம். இந்தப் பக்கம் வெளியூர் ஆஸ்பத்திரியில ஆரு மவுத்தானாலும் ஹாஜியார்தான் போற. சல்லி எடுக்க மாட்டார்."

குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்களாம். எத்தனை ஜனாஸா வீட்டுக்குப் போயிருக்கிறேன்! எப்போதும் வாசலோடு. கற்பூரம் என்றதும் பூசையைத் தவிர வேறொன்றும் தோன்றவில்லை எனக்கு.

ஹாஜியார் வீட்டில் கதிரை போட்டார். இருக்கவில்லை.

"ஏன் சொல்லேல்லை? செவ்வாக்கிழமை என்ரை மனிசி அதிலை படுத்துக் கண்டிக்குப் போகவேணும்."

"சொன்னா எடுப்பீங்களா? ரெண்டு பேர் ஆசையா வந்தாங்க. தெரிஞ்ச ஒடன போனயும் எடுக்கல்ல." கதிரையை இன்னும் என் பக்கம் தள்ளி, "மறைச்சது பிழதான். மிஸிஸக் கேளுங்க. செவ்வாக்கிழம கொண்டு போங்க. புடிச்சா எடுங்க."

வேகன் ஏற்கெனவே எங்கள் வாசலில். முற்பணம் கேட்கவில்லை, கையெழுத்தும் கேட்கவில்லை. இப்படி நம்பும் ஆளைக் கண்டாலும் எனக்கு உறுத்தும்.

யூலை 14, ஞாயிறு

காலையில் சொல்லவில்லை. சொன்னால் ஏறமாட்டாள், ஏறாவிட்டால் கிளினிக் இல்லை. ஒரு மெத்தையைப் போட்டுவிட்டால் அவளுக்குத் தெரியவே வராது. பிறகு யோசித்தேன்: படுக்கப்போகிறவள் அவள், நான் இல்லை. சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன்.

மீன்குழம்புச் சட்டியை மூடினாள். மூடியைத் திருப்பி ஒருமுறை சரியாக வைத்தாள்.

"எத்தினை பேர்?"

"கேக்கேல்லை."

"நீங்களோ? கேக்காமல் விட்டனீங்களோ?"

தட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"குலுங்குது எண்டு அவையள் ஒருத்தரும் முறைப்பாடு சொல்லியிருக்க மாட்டினம்" என்றாள். அவளும் சிரிக்கவில்லை, நானும்.

பின்னேரம் தானாக வோக்கரைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். மெத்தை விரித்தேன். ஏற்றினேன். "கதவைச் சாத்துங்கோ. சனம் பாக்குது." சாத்தினேன். வெளியே நின்றேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பிறகு கண்ணாடியில் தட்டினாள்.

"ஒரு தலையணை காணாது. இன்னொண்டு வேணும்."

யூலை 16, செவ்வாய்

கண்டி. கிளினிக் வாங்கில் இருந்து எழுதுகிறேன். பவானி உள்ளே. இன்று காலை நடந்தது மட்டும்:

விடிய முன் புறப்பட்டோம். சீனன்குடா வரை கதைத்துக்கொண்டு வந்தாள், குசினி யன்னல் பூட்டியதா, தண்ணீர்ப் போத்தல் எங்கே என்று. கப்பல்துறை தாண்டியதும் பேச்சு நின்றது. கூப்பிட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தரம் உரத்து. கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தேன். கழுத்துவரை இழுத்த வெள்ளைப் போர்வை, அசையாத ஒரு கை. முகம் தெரியவில்லை.

ஓரமாக நிறுத்தினேன். இறங்கிச் சுற்றிப் போய் இடது பக்கக் கதவைத் திறந்து, அவள் மூக்கருகில் விரலை வைத்தேன்.

"என்ன?" கண் திறக்கவில்லை.

"ஒண்டுமில்லை."

"அப்ப ஓடுங்கோ. நல்ல நித்திரை, குழப்பிப் போட்டீங்கள்."