கறியாகிப்போன கோலமீன்

மச்சாள்,

உங்கள் ரப்பர் சப்பாத்து இன்னும் நாறுகிறது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. நானும் அதை இரண்டு முறை கழுவி நிலக்கீழ் அறையில் காயப்போட்டுவிட்டேன். ஆனாலும் சனிக்கிழமை காலை முழங்கால்வரை இழுத்துப் போட்டபோது அதே நாற்றம்: பாசி, சேறு, கொஞ்சம் மீன். என் கால் உங்கள் காலைவிட ஒரு அளவு சின்னது என்பதால் இரண்டு சோடிக் காலுறை தேவைப்பட்டது. வாசலில் நின்ற என் மனுசன், உங்கள் தம்பி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இனி நீயும் வெளிக்கிட்டிட்டியோ?" என்றார். "ஓம், போறன். சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

உங்கள் ஓடைக்கு மேலே இருக்கும் ஒடுக்கமான பாலத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். இயந்திரங்கள் தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்னால் அங்குள்ள மீன்களையெல்லாம் பிடித்து மேல்பக்கம் கொண்டுபோய் விடவேண்டும், வாளி தூக்க ஆள் வேண்டும் என்று மீன்பிடிச் சங்கம் கடிதம் போட்டிருந்தது. கடிதம் உங்கள் பெயருக்கு வந்தது. ஆள் இல்லை என்று எழுதி அறிவிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆள் கேட்டிருக்கிறார்கள், எங்கள் வீட்டிலிருந்து ஒரு ஆள் போகட்டும் என்று நினைத்தேன்.

அங்கே நடந்ததை உங்களுக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் என் பிழையைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரிந்த பிழைதான். மற்றவர்களுக்காக ஒருமுறை முழுதாக எழுதிவைக்கிறேன்.

முதியோர் இல்லத்தில் சலவை வேலை செய்துகொண்டு, ஐம்பது வயதில் ஜெர்மன் மொழியில் சோதனை எழுதி மீன்பிடி அட்டை எடுத்த தமிழ்ப் பெண் எங்கள் ஊரான திரிம்பாக்கில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நிற்கிறது. "கடலைத் தாண்டி வந்து வாய்க்காலில மீன் பிடிக்கிறா எங்கட அக்கா!" உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் சனிக்கிழமைதோறும் முக்கால் மணித்தியாலம் ஓட்டிக்கொண்டுபோய் அந்த மலையடிவாரத்தில் இறக்கிவிடும் வேலை என் தலையில் விழுந்தது. நீங்கள் மீன் பிடிப்பீர்கள். நான் காருக்குள் தேநீர்ப் போத்தலோடு இருந்து முறுகுவேன்.

ஓடை என்றால் பெரிய ஓடையும் இல்லை. எட்டி வைத்தால் மறுகரை. இரண்டு பக்கமும் காஞ்சோண்டிச் செடியும் மர வேரும். நீங்கள் குனிந்து, சில இடங்களில் தவழ்ந்தும் போவீர்கள். ஒரு நாள் நான் எட்டிப் பார்க்க வந்தபோது, "நிழல் விழாமல் நில்லும்" என்று அதட்டினீர்கள். குட்டைத் தூண்டிலை ஒரு கையால் நீட்டி, வேருக்கடியில் இருட்டாகக் கிடந்த தண்ணீரில் புழுவை மெல்ல இறக்கினீர்கள். நீங்கள் மூச்சு விடுகிறீர்களா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

நீங்கள் தேடியது சாதாரண மீனை இல்லை. அந்த ஓடையில் இரண்டு இனம் உண்டு. சிவப்புப் புள்ளி போட்ட, இந்த நாட்டுக்கே உரிய ட்ரவுட் மீன் ஒன்று. எப்போதோ அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட ஸைப்ளிங் என்ற மீன் மற்றது. எப்போதாவது அருமையாக ஒரு இலையுதிர் காலத்தில் இதில் பெண்ணும் அதில் ஆணும் சேர்ந்துவிடும். அந்த முட்டைகளில் பெரும்பாலானவை அழிந்துபோகும். தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு மீன் தாயைப் போலவும் இராது, தகப்பனைப் போலவும் இராது. பொன்னிற உடம்பு முழுக்கச் சிக்குக் கோலம் போட்டது போல வளைந்து வளைந்து கோடுகள். இங்குள்ளவர்கள் அதைப் புலியின் பெயர் சொல்லி அழைப்பார்கள். நீங்கள் கோலமீன் என்றீர்கள். "புலி எண்டு நாங்கள் வெளியில கதைச்சால் ஆக்கள் வேற என்னவும் நினைப்பினம்" என்றீர்கள்.

இருபது வருடத்துக்கு முன்னால், ஒரு ஆனி மாதச் சனிக்கிழமை, நீங்கள் கார்க் கதவைத் திறந்த விதமே வேறாக இருந்தது. பையில் இரண்டு மீன். கையில் செய்தித்தாளில் சுற்றிய மூன்றாவது மீன். குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிய மீனைப் பிடித்தால் திருப்பி விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இங்குள்ள ஒழுங்கு. அந்த ஒழுங்கின்படி கொன்று எடுத்து வந்திருந்தீர்கள். அந்தக் காலத்து என் கைபேசியில் படம் எடுக்க முடியாது. அதில்தான் கன்ரோன் என்கிற மாநிலத்தின் மீன்வளக் காவலருக்கு, நாங்கள் தாடிக்காரர் என்று சொல்லும் அந்த மனிதருக்கு, எடுத்துச் சொன்னீர்கள். அவர் ஞாயிறு பின்னேரம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். உங்கள் அறையில் இருந்த ஃபிரிட்ஜ் சின்னது. மூன்று மீனையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று சொன்னீர்கள்.

"மற்ற ரெண்டையும் காய்ச்சும். பேப்பரில சுத்தினதைத் தொடாதையும். அவர் வந்து பாக்கவேணும்."

நான் கேட்டேன். ஓம் என்றும் சொன்னேன்.

ஞாயிறு காலை பாசல் நகரிலிருந்து உங்கள் தம்பியின் சிநேகிதர் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டதாகத் தொலைபேசி. ஐந்து பேர். இறைச்சி தொடாத ஆட்கள், மீன் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் எந்தக் கடை திறந்திருக்கும்? இரண்டு சின்ன மீன் எப்படிக் காணும்? குசினியில் நின்று செய்தித்தாளை அவிழ்த்தேன். மச்சாள், நான் அதைப் பார்த்தேன். வடிவாகப் பார்த்தேன். முதுகிலிருந்து வயிறுவரை அந்தக் கோலம் கலங்காமல் இருந்தது. ஒரு நிமிடம் கத்தி கையில் நின்றது. அதற்குப் பிறகு எனக்குள் ஒரு கோபம் வந்தது. எத்தனை சனிக்கிழமை காருக்குள் குந்தியிருந்திருக்கிறேன், ஒரு மீன் எனக்குக் கிடைக்கக்கூடாதா என்று. தலையை வெட்டினேன். கல்லுப்பு போட்டுத் தேய்த்துச் செதில், வழுவழுப்பு எல்லாம் எடுத்தேன். மஞ்சள் பூசினேன். எங்கள் ஆட்கள் கையில் மீன் கிடைத்தால் அதுதானே நடக்கும். தேங்காய்ப்பாலும் பழப்புளியும் விட்டுக் கொதித்தபோது அதில் கோலமும் இல்லை, ஒன்றும் இல்லை.

தாடிக்காரர் வந்தபோது விருந்தாளிகள் போய்விட்டார்கள். சட்டியில் ஒரு நடுத்துண்டு மட்டும் மிஞ்சியிருந்தது. வேலை முடிந்து வந்த நீங்கள் அதைப் பார்த்தபோது உங்கள் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் எழுத முடியவில்லை. அந்த மனிதர் மரியாதை தெரிந்தவர். வைத்த கறியைச் சாப்பிட்டார், வியர்த்தார், பாண் துண்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் துடைத்தும் சாப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வெட்டும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மற்ற மீன்களிலிருந்து வித்தியாசமாக இருந்ததா?"

அந்த வீட்டில் உங்களுக்கு இருந்த ஒரே சாட்சி நான். பார்த்தேன் என்றால் தெரிந்துகொண்டே வெட்டினேன் என்றாகிவிடும். உங்கள் தம்பி முன்னால், அந்த வெள்ளைக்கார மனிதர் முன்னால் வெட்கம் தின்றது. "இல்லை. மூன்றும் ஒரே மாதிரித்தான் இருந்தன" என்றேன்.

அவர் பிடித்த மீன்களைப் பதியும் உங்கள் பிடிப்புப் புத்தகத்தை வாங்கி, நீங்கள் எழுதிய மீன் பெயரின்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, சாதாரண ட்ரவுட் என்று எழுதினார். "புதிதாக வருபவர்கள் ஆசையில் இப்படிக் காண்பது உண்டு" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் உங்களைச் சுட்டிருக்கும். நீங்கள் எழும்பி அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தீர்கள்.

அதற்குப் பிறகு சங்கத்தில் நீங்கள் கதைகட்டும் ஆளாகிப்போனீர்கள். வருடாந்தக் கூட்டத்தில் கோப்பி குடிக்கும்போது, "கறிக்குள் போன மீன் திரும்பி வந்ததா?" என்று யாராவது கேட்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். அடுத்த மாசியில் திரும்பவும் அட்டை எடுப்பீர்கள். பதினெட்டு வருடம் அதே ஓடை, அதே வேர்கள். இன்னொன்றைப் பிடித்துக் காட்டவேண்டும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்று எனக்குத் தெரியும். நானும் முணுமுணுக்காமல் ஓட்டினேன். அதற்குமேல் எதற்கும் எனக்குத் துணிவு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி மாதம், ஜன்னலருகே உங்களுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டு நான் தொடங்கினேன். "மச்சாள், அண்டைக்கு அந்த மீன்…"

"தெரியும்" என்றீர்கள். "மீன் வெட்டுற ஆள் பாக்காமல் வெட்டாது. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தால் நீர் அழுவீர். என்ர தம்பி கத்துவான். மீன் திரும்பி வருமோ?" ஒரு சுளையை வாயில் போட்டு மென்றபிறகு சொன்னீர்கள். "கறி நல்லாத்தான் இருந்ததாம். ஆனா அந்த மனிசனிட்டை ஒருக்கால் சொல்லியிருக்கலாம்."

நீங்கள் என்னை மன்னித்தது பெரிய ஆறுதல்தான். ஆனால் அந்தக் கடைசி வசனம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. செத்த வீட்டுக்குத் தாடிக்காரர் வந்திருந்தார். அன்றும் நான் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் யார் நம்பப்போகிறார்கள், இறந்த ஆளுக்காகச் சொந்தக்காரி பரிந்து பேசுகிறாள் என்பார்கள் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். தாடிக்காரரின் தாடி முழுக்க வெள்ளை. அடுத்த வருடம் ஓய்வாம். ஒரு இளம் பெண் முதுகில் மின்கலப் பெட்டியைச் சுமந்துகொண்டு, வளையம் பூட்டிய தடியைத் தண்ணீருக்குள் விட்டாள். மின்சாரத்தில் மயங்கின மீன்கள் வேர்களுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வலையால் அள்ளி வாளியில் போட்டார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, பெரிய தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, மேடு ஏறும்போது மூச்சு வாங்க நின்று வாளிக்குள் பார்த்தேன்.

கோலம் போட்ட உடம்போடு ஒன்று நின்றது.

மச்சாள், வாளியைக் கீழே வைத்துவிட்டு, தாடிக்காரரைப் பெயர் சொல்லிக் கத்தினேன். ஏதோ விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எழும்பவே இல்லை. பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் படம் எடுத்தார்கள். பரிசோதனைக்கென்று செட்டையில் ஒரு சின்னத் துண்டு வெட்டி எடுத்தார்கள். "நாற்பது வருட வேலையில் இதுதான் முதல் தடவை" என்றார் அவர்.

"எனக்கு இரண்டாவது தடவை" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். எனக்கு ஜெர்மன் அவ்வளவு ஓடாது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று ஓடியது. "அன்று நீங்கள் சாப்பிட்டது இந்த மீன். இதே கோலம். நான் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். உங்களிடம் பொய் சொன்னேன். எங்கள் மச்சாள் பொய் சொல்லவில்லை." சங்கத்துக்காரர் ஐந்தாறு பேர் வாளியோடு நின்று கேட்டார்கள். எல்லாரும் கேட்கட்டும் என்று இன்னொரு முறையும் சொன்னேன். அழுகை வந்தது. ஆனாலும் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. "இந்த ஓடையில் இப்போது பிறக்கிறது என்றால் அப்போதும் பிறந்திருக்கும்" என்றார் மெதுவாக. "நான் அவருடைய கண்ணை நம்பியிருக்க வேண்டும். கறியைச் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தில் கோடு போட்டவன் நான்." அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை.

மீனை மேல்பக்கத்துக் குழியில் விட்டார்கள். கொஞ்ச நேரம் கல்லோடு ஒட்டி நின்றுவிட்டு, வேருக்கடியில் போய் மறைந்தது. எனக்கு அதைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு துளி ஆசையும் வரவில்லை.

பிறகு அவர் தன் அறிக்கைத் தாளை வாகனத்தின் முன்பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். இந்த ஓடையில் முதன்முதல் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதவேண்டும் என்றார். இங்கே எங்கள் பெயரை யார் முழுதாக எழுதுகிறார்கள்? நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். தகப்பன் பெயரையும் விடாமல் சொன்னேன். இரண்டு வரி பிடித்தது. அவர் சுருக்கவில்லை. எழுதி முடித்து நிமிர்ந்து, "சாட்சி?" என்று கேட்டார்.

உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதி, கையெழுத்தும் வைத்தேன்.

ஞாயிறு கோயிலில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கும் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. இனியும் கேட்கும்வரை பார்த்திருக்கப் போவதில்லை. போகிற இடமெல்லாம் சொல்வேன். "எங்கட மச்சாள் பிடிச்சவ. நான் கண்டனான்."