மதலேனாவுக்கு வந்த கடிதங்கள்

சேசு மரி சூசை

ஓவன் ரோடு, சிங்கப்பூர்
15-10-60, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி

என் அன்பு மகள் பிலோமிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அந்தச் சீமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிக்கிற நீயும் உன் கூட்டாளிகளும் சுகமாக இருக்க தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், கால் உறை போடாமல் படுக்காதே, தேங்காயெண்ணெய் போத்தலில் உறைந்துபோனால் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் வை, தலைக்கு எண்ணெய் வைக்காமல் மட்டும் இருக்காதே. எப்போதும்போல நீல ஏர்லெட்டரில் எழுதினால் இடம் போதாது, அதனால் உன் பழைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். ஐந்து மணிக்கு வடிவேலு வருவான். அதற்குள் நான் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், யாரிடமாவது சொல்லாமல் எனக்கு முடிவு வராது, உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்.

வடிவேலுவை உனக்கு ஞாபகம் இருக்கும், தலையில் தட்டு வைத்துக்கொண்டு கச்சாங் பூத்தே விற்பானே, காகிதத்தைச் சுருட்டிக் கடலை போட்டுத் தருவானே, அவன்தான். உன் அப்பா அவனைக் கூப்பிட்டுத் தன்னுடைய நோட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறார். பத்து வருஷமாக வேலை முடிந்து வந்து அந்த ஜன்னலோரத்து மேசையில் உட்கார்ந்து எழுதினாரே, அந்த நோட்டுகள்தான். இருபத்து மூன்று நோட்டு, சணல் கயிறு போட்டுக் கட்டி மேசைமேல் வைத்துவிட்டு முடி வெட்டப் போயிருக்கிறார். ஆகஸ்டு மாதத்தில் அவர் கதை அனுப்புகிற பத்திரிகை ஆண்டு மலர் போட்டதாம், நம் ஊரில் கதை எழுதுகிறவர்கள் பன்னிரண்டு பேரைப் பற்றி எழுதியிருந்ததாம், அதில் அப்பா இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தவர், "பத்து வருஷமா எழுதுறேன் மதலே, நல்லாருக்குன்னு வேணாம், நல்லால்லன்னுகூட ஒருத்தன் சொன்னதில்ல, கெணத்துல கல்லப் போட்டாக்கூட ஒரு சத்தம் வரும்," என்றார். அதற்குப் பிறகு பேனாவைத் தொடவில்லை. சாப்பாடு பாதியாகிவிட்டது, கோபம் இரட்டிப்பாகிவிட்டது. உனக்கு இரண்டு மாதமாக அவர் கடிதம் வராததற்கும் இதுதான் காரணம், வேலை அதிகம் என்று நான் எழுதியது பொய், மன்னித்துக்கொள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் தபால்காரர் என் பெயருக்கு ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு யார் கடிதம் போடுவார்கள். உறைமேல் திருமதி மதலேனா என்று முத்து முத்தான கையெழுத்து, ஈப்போவிலிருந்து, அனுப்பியவர் ரவூப் என்று போட்டிருந்தது. பிரித்தால் முதல் வரியே இப்படி இருந்தது: உங்களை நான் பார்த்ததில்லை, ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறேன். அவ்வளவுதான் பிலோமி. இரண்டாவது வரிக்கு என் கண் போகவே இல்லை. உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, சிராங்கூன் ரோட்டு ஜவுளிக்கடையில் பில் எழுதுகிறவன் என் பெயரைக் கேட்டான் என்பதற்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தவர். இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும். அதை மடித்துக் கிறிஸ்துமஸ் குடில் பெட்டியில் ஒட்டகச் சுரூபத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் வந்தது. கிள்ளானிலிருந்து, பினாங்கிலிருந்து, ஏதோ எஸ்டேட்டிலிருந்து, ஒன்று இங்கே சாங்கியிலிருந்துகூட. எல்லாம் அவர் வேலைக்குப் போன பிறகு பத்து மணித் தபாலில் வந்ததால் நான் தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன். அவற்றில் ஒன்றையும் பிரிக்கவில்லை. எரிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன், நீ பதில் எழுதாதவரை பாவமில்லை, ஆனால் புருஷனிடம் சொல்லிவிடு என்றார். சொல்லவில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் குடிலை நான் ஒருத்தியே கட்டுவேன் என்று அடம் பிடித்ததும் உன்னைப் பெட்டியைத் தொடவிடாததும் இதற்காகத்தான்.

முந்தாநாள் வியாழக்கிழமை கீழ்வீட்டுச் சம்சுன்னிசா, மீ கோரேங் பிரட்டி விற்கிற நூருல் அமீனின் மனைவி, துணி காயப்போடும்போது என்னிடம் வந்து, "அக்கா, கேட்டா கோச்சுக்குவீங்களோன்னு இத்தன நாளா கேக்கல, ஏன் இப்பல்லாம் நீங்க கதை எழுதுறதில்ல," என்றாள். நான் விழித்தேன். "என்னா லா அக்கா, எங்கிட்டயே மறைக்கிறீங்களே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நோட்டு எடுத்துவந்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வந்த கதைகளை வெட்டி வெட்டிக் கஞ்சிப் பசை போட்டு ஒட்டியிருந்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் மதலேனா, ஓவன் ரோடு என்று போட்டிருந்தது. உன் அப்பா பத்து வருஷமாக என் பெயரில் எழுதியிருக்கிறார் பிலோமி, ஆண்டு மலரில் அந்தப் பெயரும் இல்லையாம். ஆண்கள் பெண்டாட்டி பெயரில் எழுதுவது உலகத்தில் நடக்கிறதுதானாம், இது அவர் வேலை என்று நான் சொன்னதும் சம்சுன்னிசா சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்திரிகையை அவர் யூனியன் வாசகசாலையில் படிப்பார், இந்தப் பத்து வருஷத்தில் வீட்டுக்கு ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. நானும் கேட்டதில்லை, ஜெபப் புத்தகத்தைத் தவிர நான் எதைப் படித்தேன்.

ஏன் கொண்டுவரவில்லை என்றும் எனக்குத் தெரியும். நாற்பத்தொன்பதாம் வருஷம் அவருடைய முதல் கதை இஞ்ஞாசி என்று அவர் பெயரோடு வந்தது. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு வந்திருந்த உன் மாமா மரியஅந்தோணி அதை எடுத்து எல்லார் முன்னாலும் மூக்கால் படித்துக் காட்டினார். பந்தியே சிரித்தது. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அவர் பத்திரிகையை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பதினோரு வருஷமாக அந்தச் சிரிப்பை நான் மறந்தே போயிருந்தேன்.

நேற்று கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். ரவூபின் இரண்டாவது வரி என்ன தெரியுமா, எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை போனது என்பதுதான். நீ நாலு வயசுப் பிள்ளையாக இருந்தபோது, ஜப்பான்காரன் காலத்தில், எனக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்து ஒன்றரை நாளில் போய்விட்டது என்று உனக்குத் தெரியும், அதற்குமேல் உனக்கு யாரும் சொன்னதில்லை. அப்பாவை அப்போது சாங்கிக்குக் கூலி வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது பிள்ளையைப் பிடாடாரிக் கல்லறையில் அடக்கம் செய்து பத்து நாள் ஆகியிருந்தது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை, பதினேழு வருஷம் அப்படியே போய்விட்டது. அதை அவர் கதையாக எழுதியிருக்கிறார், சம்சுன்னிசாவின் நோட்டில் தேடிப் படித்தேன். சாமியார் வரத் தாமதமானதால் தாயே பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்றி அவசர ஞானஸ்நானம் கொடுக்கிறாள், பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து என்று சொல்லி மூன்று தடவை ஊற்றுகிறாள். பித்தளைச் செம்பு என்று எழுதியிருக்கிறார், அது தகரக் குவளை, அது ஒன்றுதான் தப்பு. மற்றதெல்லாம், யார் சொல்லிக் கேட்டாரோ, கூடவே நின்றவர் மாதிரி எழுதியிருக்கிறார். அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மற்ற கடிதங்களும் அவருக்குத்தான் பிலோமி, ஒவ்வொன்றும் அவருக்குச் சேர வேண்டியது. பினாங்கு வாத்தியார் ஒருவர் ஒரு கதையை வகுப்பில் வாசித்தாராம், பையன்கள் மறுபடி வாசிக்கச் சொன்னார்களாம். எஸ்டேட்டில் மருந்து கட்டுகிற டிரஸ்ஸராக இருக்கிற ஹனீபா, முடிவில் ஏன் இப்படி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓடுகிறீர்கள், கொஞ்சம் நின்று எழுதக் கூடாதா என்று சண்டை பிடித்திருக்கிறார். கிள்ளானில் லீலா என்று ஒரு பெண், அவளுக்கும் பிள்ளை போயிருக்கிறது, உங்கள் கதையைப் படித்த பிறகுதான் என் பிள்ளை பெயரை நான் வாய்விட்டுச் சொன்னேன், உங்கள் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள், கதையில் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறாள். கேட்டு ஆறு வருஷமாகிறது. ஒருத்தன்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று மனிதர் உள்ளுக்குள்ளே வெந்துகொண்டிருந்தார், அத்தனை வார்த்தையையும் நான் ஒட்டகத்துக்குக் கீழே பூட்டி வைத்திருந்தேன். இதை நான் எப்படி அவர் கையில் கொடுப்பேன். கொடுத்தால் என்மேல் அவருக்கு இருக்கிற மதிப்பு போகும், கொடுக்காவிட்டால் இந்த நோட்டுகள் கடலைப் பொட்டலமாகப் போகும். அடித்தாலும் பரவாயில்லை, பேசாமல் இருந்துவிடுவாரே, அதற்குத்தான் பயப்படுகிறேன்.

மணி நாலே கால். படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. உறைகளை அந்தக் கட்டின்மேல் வைத்துவிட்டேன். வைத்தாகிவிட்டது. நிறுத்துகிறேன்.

17-10-60, திங்கட்கிழமை

பிலோமி, தபாலில் சேர்க்காமல் வைத்திருந்ததை இன்றைக்கு முடிக்கிறேன். அப்பா வந்து உறைகளைப் பார்த்தார், என் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் நின்றுகொண்டே ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். ஒரு கடிதத்தைப் படித்து முடிப்பார், மடித்து உறையில் போடுவார், அப்புறம் அதையே மறுபடி எடுப்பார். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து மணிக்குச் சரியாக வடிவேலு கீழேயிருந்து குரல் கொடுத்தான். அவர் தலை நிமிரவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டான். நானே இறங்கிப் போய் இன்றைக்கு இல்லை தம்பி என்றேன், "அண்ணன்தானே வரச் சொன்னாரு, நான் வேற எங்கயும் பேப்பர் எடுக்காம வந்துட்டேன்கா," என்று முகத்தைத் தொங்கப்போட்டான். பாவமாக இருந்தது, உன்னுடைய பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துக் கொடுத்துவிட்டேன், நீ கணக்கில் வாங்கிய மார்க்கு இப்போது ஃபேரர் பார்க் முழுக்கக் கடலையோடு சுற்றுகிறது, கோபித்துக்கொள்ளாதே.

மேலே வந்தால் கடிதங்களை அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். "என்னப் பாத்து உனக்கு அவ்ளோ பயமா, மதலே?" என்றார். கத்தியிருந்தால் எனக்குப் பழக்கம், இது மெதுவாக வந்தது. ஆமாம் என்றேன். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்தில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஏன் என் பெயரைப் போட்டீர்கள் என்று நானும் கேட்டேன். "எம் பேரப் போட்டா உங்க அண்ணன் சிரிப்பாரு. உம் பேருன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க," என்றார். உங்க அண்ணன் என்று மட்டும்தான் சொன்னார், நீயும் சிரித்தாய் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நேற்று முழுக்கப் பேச்சில்லை. பூசைக்குச் சேர்ந்துதான் போனோம், ஆனால் இரண்டு அடி முன்னாலேயே நடந்தார்.

இன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். பேனாவில் மை போட்ட சத்தம் கேட்டு அடுப்படியில் என் கை அப்படியே நின்றுவிட்டது. கதை இல்லை, கிள்ளான் பெண்ணுக்குப் பதில். பத்தரை மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டார். தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "கையெழுத்து நீதான் போடணும், அவங்க உனக்குத்தான் எழுதியிருக்காங்க," என்றார். படித்தேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, குவளை தகரக் குவளைதான் என்றுகூட எழுதியிருந்தார், நான் சனிக்கிழமை சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார். கடைசியில், நீங்கள் கேட்டபடி என் பிள்ளையின் பெயர், என்று எழுதி அதற்குப் பிறகு இடம் விட்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது. கேக்கத் தைரியம் வரல," என்றார். பதினேழு வருஷம், பிலோமி. நான் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியவே தெரியாது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பேனாவை வாங்கி எழுதினேன். அவர் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார், எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

நோட்டுக் கட்டு இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. கயிற்றை அவிழ்க்கவுமில்லை, வெளியே போடவுமில்லை. இனிமேல் கதை எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் நீ எழுத வேண்டும். சம்சுன்னிசா நோட்டிலிருந்து அந்தக் கதையைக் கெஞ்சி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாகத் திருப்பி அனுப்பு, இல்லாவிட்டால் அவள் என்னைப் படியேற விடமாட்டாள். படித்துவிட்டு அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதாதே, அது யாரும் எழுதுவது. எந்த இடத்தில் நிறுத்தினாய், எது பிடிக்கவில்லை, எல்லாம் எழுது. அந்த டிரஸ்ஸர் திட்டியதைத்தான் அவர் மூன்று தடவை எடுத்துப் படித்தார், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வேளைக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, ஜெபமாலையை விடாதே. மாதா உன்னை எந்த ஆபத்தும் அண்டாமல் காத்து, படிப்பை நல்லபடி முடித்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள், மறந்துவிடாதே, அந்த ஊர்க் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று. பெயர் சொல்லி ஏற்று. உன் தம்பி பெயர் அருளப்பன்.

இப்படிக்கு,
உன் அம்மா
மதலேனா