ஓடை இல்லாத படம்

இப்போதெல்லாம் வாய் திறக்காத தம்பிக்கு,

நம் பழங்குடி ஓவியக் கண்காட்சியில் என் படத்துக்குக் கீழே உன் கவிதையை மாட்டியிருந்தார்கள். உன் மனைவியின் காய்ச்சலைத் தீர்த்த நம் காட்டு மரத்தைப் பற்றிய காதல் கவிதை. படித்ததும் கண் கலங்கிவிட்டது.

அப்போது மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, "அந்த மரம் ஓடையில இருந்து எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார்.

கவிதையில் ஓடை இல்லை. படத்திலும் இல்லை. மரம் இருக்கும் இடம் வெளியாருக்குத் தெரியக்கூடாது என்று நாம் இருவரும் பேசி வைத்துக்கொண்டுதானே அதை விட்டோம்?

"கவிஞருங்க எழுதறதெல்லாம் கற்பனைங்க" என்று மழுப்பினேன்.

உனக்குப் புது வேலை கிடைத்திருப்பதாக உன் மனைவி சொன்னாள். எந்தக் கம்பெனி என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாள். நான் தப்பாக எதுவும் நினைக்கவில்லை.

நாளை முதல் நம் ஆட்களும் நானும் முறை வைத்து அந்த மரத்தடியில் காவலிருக்கப் போகிறோம். நீயும் வா.

தனியாக வா.

அக்கா